கடின நீரும் எளிய ஏமாற்றும்

தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் ஏறி மேற்குகையில் நிற்பவர் ஒருமுறை தலை நிமிர்ந்து நோக்கினால், கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளைக் காண்பர். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது அவ்வாயு நீங்கவே, கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கடின நீர் என்பது யாது என விளக்க, மலேசியத் தமிழ் மாணவனுக்கு இதனினும் பெரிய பாடத் துணைக்கருவி வேண்டுவதில்லை. ஆயினும், கோலாலம்பூரைச் சூழ்ந்த அடுக்குமாடி வீடுகளில் இன்று இப்பாடத்தை நடத்துபவர் ஆசிரியர் அல்லர். நீர் வடிகட்டி விற்கும் முகவரே.

அவர் பாடம் நடத்தும் முறையைச் சற்றுக் காண்போம். மாலை நேரம்; வேலை முடிந்து வந்த இல்லத்தரசி கதவைத் திறக்கிறார். "அக்கா, நீங்க குடிக்கிற தண்ணிய நீங்களே பாருங்க" என்று தொடங்கி, மேசைமேல் இரு கண்ணாடிக் குவளைகளை வைக்கிறார் முகவர். ஒன்றில் குழாய் நீர். மற்றொன்றில் தம் இயந்திரத்தில் வடித்த நீர். உலோகக் கம்பிகள் பொருத்திய சிறு கருவியொன்றை இரண்டிலும் அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்துகிறார். சில நொடிகளில் குழாய் நீர் பழுப்பேறிச் சேறாகிறது; வடித்த நீரோ தெளிவாகவே நிற்கிறது. "எல்லாம் சுண்ணாம்பு அக்கா, கடினத் தண்ணி. இதுதான் சிறுநீரகத்துல கல்லா நிக்குது" என்கிறார். பத்துமலை எவ்வளவு அருகில் உள்ளது என்பதையும் நினைவூட்டத் தவறுவதில்லை. மறுவாரம் தவணைப் பத்திரம் கையெழுத்தாகிறது.

இஃது அறிவியல் அன்று, கண்கட்டு வித்தை. அச்சேறு நீரில் இருந்ததன்று, கம்பியிலிருந்து வந்தது. குழாய் நீரில் சிறிதளவு உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்துகிறது. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி அரிக்கப்பட்டு, துருவாகிக் குவளையை நிறைக்கிறது. உப்புகள் அகற்றப்பட்ட நீரோ மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆதலின் கம்பியும் கரைவதில்லை, நீரும் கலங்குவதில்லை. படிவம் ஒன்றிலேயே மாணவர் மின்கடத்தி குறித்துப் படிக்கின்றனர். அப்பாடத்தைப் படித்த பிள்ளை அதே வீட்டின் அடுத்த அறையில் அமர்ந்திருக்க, அவன் தாய் துருவைச் சுண்ணாம்பென நம்பிக் கையொப்பமிடுகிறாள்.

மெய்யாகவே கடின நீர் வழங்கும் நகரங்கள் உலகில் உண்டு. சுண்ணப்பாறை நிலத்தின்மேல் அமைந்த இலண்டனில் கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் படிவு கட்டுவதை அங்கு சென்று பயின்ற நம் மாணவர் அறிவர். சென்னையிலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் அடுக்ககங்களில் இல்லத்தரசியர் படும் பாடு சிறிதன்று. சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறது. திரிந்த பால்போல் கசடாகி வாளியின் ஓரத்தில் ஒட்டுகிறது. வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிறது. வெந்நீர்க் கருவியின் சூடேற்றும் கம்பி வெள்ளோடு போர்த்திக்கொண்டு மின்சாரத்தை விழுங்குகிறது. பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசிவதில்லை. நீரிலுள்ள கால்சியம் பருப்பின் உயிரணுச் சுவர்களை இறுக்கிவிடுவதே காரணம். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, இந்நீரையும் லாரியில் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அங்குள்ளோர் இதனை 'உப்புத் தண்ணீர்' என்றே பொதுவாகக் குறிப்பர். ஆனால் உவர்ப்பு வேறு, கடினம் வேறு. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்ததால் வந்தது உவர்ப்பு; கால்சியமும் மக்னீசியமும் கரைந்து நிற்பது கடினம். இரண்டும் ஒரே கிணற்றில் கூடி நிற்பதும் உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலை அதுவன்று. நகரின் அடியில் சுண்ணாம்புப் பாறை பரந்து கிடப்பது உண்மையே. எனினும், வீட்டுக் குழாய்க்கு வரும் நீர் அப்பாறையில் ஊறி வருவதன்று. சிலாங்கூர் ஆறு, லங்காட் ஆறு போன்றவை தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லிலிருந்து இறங்குபவை. கருங்கல் எளிதில் கரைவதில்லை. ஆதலால் அந்நீர் மென்னீர். மென்னீர் குழாய்களை அரிக்கவல்லது என்பதனாலேயே சுத்திகரிப்பு நிலையத்தில் அதன் அமிலத் தன்மையைத் தணிக்கச் சிறிது சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது. இச்செய்தியை எங்கோ கேட்ட முகவர் சிலர் அதனையும் தம் வாணிகத்துக்குப் படையாக்கிக் கொள்கின்றனர்!

சிறுநீரகக் கல் என்னும் அச்சத்துக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் நீரின் கடினத்துக்கு உடல்நலம் கருதிய வரம்பு எதனையும் விதிக்கவில்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராமைக் கடந்தால் குழாயிலும் பாத்திரத்திலும் படிவு கட்டும் என்பதே அது தரும் எச்சரிக்கை. மலேசியச் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரமும் 500 மில்லிகிராம் வரை இடமளிக்கிறது. கல் வராதிருக்க மருத்துவர் கூறும் முதல் அறிவுரை, நிறைய நீர் அருந்துக என்பதே. குழாய் நீரைக் கண்டு அஞ்சி, இனிப்புப் பானத்தை நாடும் பிள்ளைகளை என்னென்பது?

இதனினும் பெரிய வேடிக்கையொன்று உண்டு. விற்கப்படும் வடிகட்டிகளுள் பலவற்றில் இருப்பவை கரியும் மணலும் மெல்லிய நுண்குழல்களும் மட்டுமே. அவை கலங்கலையும் குளோரின் வாடையையும் போக்கும். கரைந்த கால்சியத்தைத் தொடவும் மாட்டா. கடினத்தை நீக்க அயனிகளை மாற்றும் பிசின் வேண்டும், அல்லது எதிர்ச் சவ்வூடு முறை வேண்டும். ஆக, இல்லாத நோயைக் காட்டி, அந்நோய்க்கும் உதவாத மருந்தை விற்கின்றனர். மாதம் எழுபது, நூறு ரிங்கிட் என ஐந்தாண்டு செலுத்தினால் ஆறாயிரம் ரிங்கிட் வரை கரைகிறது. சிலாங்கூரில் வீட்டுப் பயனீட்டின் முதல் 20 கன மீட்டருக்கு, ஆயிரம் லிட்டர் ஒரு ரிங்கிட்டும் ஆவதில்லை. தோட்ட லயங்களை விட்டு நகருக்கு வந்து, ஒற்றைச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு அத்தொகை ஒரு பிள்ளையின் கல்லூரி நுழைவுச் செலவு.

பழங்குழாய்களின் வழியே துருநீர் வரும் வீடமைப்புகள் இந்நாட்டில் இல்லாமல் இல்லை. அங்கு வடிகட்டி பொருத்துவோரைக் குறை கூற இயலாது. ஆயினும் அது குழாயின் குறையே அன்றி, நீரின் கடினம் அன்று. அதனை நீர் வழங்குநரிடமே முறையிடல் வேண்டும். நாட்டில் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருவாய் தராமலே, பெரும்பாலும் கசிந்தே, வீணாகிறது என்பதை முறையிடுவோர் மறத்தலாகாது. மேலும், உரிய காலத்தில் மாற்றப்படாத வடிகட்டியின் கரி, குளோரினை நீக்கிவிட்டுக் கிருமிகள் தங்கும் இடமாகிறது. தவணை முடிந்த பின் முகவர் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

இவ்வளவுக்கும் முகவரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. அவர் தமிழில் பேசுகிறார். இதுவே இங்குக் கருதத்தக்கது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன; பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது; 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் என்னும் பெயரில் பள்ளிகள் பல மீண்டும் அவ்வழியே சென்றன. அதன் பயனாகப் பிள்ளை கற்ற அறிவியல் அவனுடைய தேர்வுத் தாளோடு நின்றது. தாயின் அடுக்களைக்கு வந்து சேரவில்லை. அங்கு அயனியென்றும் கனிமமென்றும் தாய்மொழியில் எடுத்துரைத்த ஒரே மனிதர் வடிகட்டி விற்க வந்தவர்தாம். ஆசிரியர் காலியாக விட்ட நாற்காலியில் அவர் அமர்ந்தார். அமர்ந்தவரை எழுப்பத் தெரிந்தவர் வீட்டில் இல்லை.

தமிழில் கற்பிக்கும் பள்ளிகளின் நிலைதான் என்ன? "நுரை தராதது கடின நீர்" என்னும் ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி, மனனம் செய்வித்து, அடுத்த பாடத்துக்குச் செல்லும் ஆசிரியர் எத்துணையர்! ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு பள்ளிக் குழாய் நீர், மற்றொன்றில் மழைநீர், மூன்றாவதில் சிறிது சுண்ணாம்பு கலந்து தெளிய வைத்து வடித்த நீர். ஒவ்வொன்றிலும் சாதாரணச் சவர்க்காரச் சீவல் ஒரே அளவு இட்டுக் குலுக்கச் செய்தால் போதும். சலவைத் தூள் இதற்கு ஆகாது. அது கடின நீரிலும் நுரைக்கும். குழாய் நீரின் நுரை மழைநீரின் நுரைக்கு நெருங்கி நிற்பதையும், மூன்றாம் புட்டியில் கசடு மிதப்பதையும் மாணவன் தன் கண்ணால் காண்பான். செலவு ஐம்பது காசு. அதே சோதனையை அன்று மாலை வீட்டில் செய்து, தாயிடம் தமிழில் விளக்கி வருமாறு வீட்டுப்பாடம் கொடுப்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தேவையா?

அச்சோதனையைச் செய்த பிள்ளையுள்ள வீட்டுக்கு முகவர் வரட்டும். குவளைகளை வைத்துத் தம் கருவியையும் இயக்கட்டும். குழாய் நீர் பழுப்பேறியதும், தெளிந்து நிற்கும் அக்குவளையில் சமையல் உப்பு ஒரு சிட்டிகை இட்டு, மீண்டும் மின்சாரம் செலுத்துமாறு அப்பிள்ளை அவரை வேண்டட்டும். அவருடைய தூய நீரும் அப்பொழுது சேறாகும். இத்தகைய வேண்டுகோள் எழும்போது, முகவர்க்குப் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்குச் செல்ல நேரமாகிவிடும்.