பேரனுக்கு எலெக்ட்ரிக் கிடார்: வாங்கலாமா?

லக்ஷ்மிபாய் நகரில் என் பேரன் கேட்பது, 1954-ல் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பழைய வடிவில், அதே கம்பெனி ஸ்குவையர் என்ற பெயரில் மலிவாக விற்கும் கிடார். "நகல்தானே, வீணை கற்கட்டுமே" என்கிறார்கள் நண்பர்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக சங்கீதம் வாசித்ததும் மின்கருவியில்தானே!

பழைய தோற்றத்துக்காக நான் காசு கொடுக்கமாட்டேன். பார்க்க வேண்டியது கழுத்தை. ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையில் இழுக்கின்றன; எதிர்த்து நிற்பது மரத்துக்குள் இருக்கும் எஃகுத் தண்டு. டில்லியில் ஜூன் அனலில் மரம் உலரும், ஆகஸ்டில் ஈரம் குடிக்கும். (வெயிலில் தண்டவாளமே நெளியும்!) ஒரு கண்ணை மூடி, தண்டவாளம் பார்ப்பதுபோல் நுனியிலிருந்து பாருங்கள், வளைவு தெரியும். கடைக்காரர் தண்டைத் திருகி நேராக்கிக் காட்டினால் தாராளமாக வாங்கலாம். நான் வாங்கப்போகிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்குத் தனியே பணம் வேண்டும் என்பதைப் பையன் இன்னும் சொல்லவில்லை!