ஐந்து மணி நேரத்தில் பார்த்த ஊர்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட ஒரு படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

2025ஆம் ஆண்டின் கோடைப் பருவத்தை மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் கழித்தேன். போன முதல் வாரமே 58 யூரோ மாதச் சீட்டை வாங்கிவிட்டேன். அதிவேக ரயில்களைத் தவிர்த்து, நாடு முழுவதும் வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் அந்த ஒரே சீட்டில் போகலாம். இப்படி ஒரு சீட்டு கையில் இருக்கும்போது எந்த மாணவர் சனிக்கிழமை அறைக்குள் உட்கார்ந்து பாடம் படிப்பார்? ஸ்டைனாக் என்ற சிறு நிலையத்தில் ரயில் மாறி, வயல்களுக்கு நடுவே கால் மணி நேரம் சென்றால் ரோத்தன்பர்க் வந்துவிடும்.

பவேரியா மாநிலத்தில், தௌபர் ஆற்றுக்கு மேலே மேட்டில் அமைந்த ஊர் அது. மக்கள்தொகை சுமார் 11,000. சுற்றிலும் கற்சுவர், அதில் வரிசையாகக் கோபுரங்கள். உள்ளே மரச்சட்டங்களுக்கு இடையே சுண்ணாம்பு பூசிய, செங்குத்தான கூரை போட்ட வீடுகள். ஜெர்மனி பற்றிய சுற்றுலாக் கையேட்டின் அட்டையில் ஒரு பழைய ஊரின் படத்தைப் பார்த்திருந்தால், அது பெரும்பாலும் இந்த ஊராகத்தான் இருக்கும்.

ரயில் நிலையம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து நடந்து, ரோடர் வாயில் வழியாக உள்ளே நுழைந்ததுமே கண்ணில் பட்ட முதல் தெருவைப் படம் எடுத்தேன். ‘700 ஆண்டு பழைய தெரு’ என்று எழுதி அனுப்பினேன். சிங்கப்பூரில் அப்போது மாலை நேரம். மாமா உடனே ஒரு கேள்வி கேட்டார்: “ரெண்டாம் உலகப் போருல ஜெர்மனி முழுக்கக் குண்டு போட்டாங்களே, இந்தத் தெரு மட்டும் எப்படிம்மா தப்பிச்சுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பிவிட்டு மேலே நடந்தேன்.

அன்று அந்த ஊரில் ஐந்து மணி நேரம் இருந்தேன். சந்தைச் சதுக்கத்தில் கூட்டத்தோடு நின்று கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தேன். மணி அடித்ததும் இரண்டு ஜன்னல்கள் திறந்து பொம்மைகள் வந்தன. 1631ல் முப்பதாண்டுப் போரின்போது தளபதி டில்லி ஊரைப் பிடித்தாராம். முன்னாள் மேயர் ஒருவர் மூன்றேகால் லிட்டர் மதுவை ஒரே மூச்சில் குடித்துக் காட்டியதால் ஊரை அழிக்காமல் விட்டாராம். கதைதான், ஆனால் நல்ல கதை. பிறகு, இரு தெருக்கள் பிரியும் இடத்தில் சாய்ந்து நிற்கும் புகழ்பெற்ற மஞ்சள் வீட்டின் முன் படம் எடுக்க வரிசையில் நின்றேன். ஷ்னேபால் என்ற உருண்டைப் பலகாரம் ஒன்றும் சாப்பிட்டேன். சோமாசியின் மேல்மாவை மட்டும் பட்டை பட்டையாக வெட்டி, உருட்டிப் பொரித்துச் சர்க்கரை தூவியது போல இருந்தது. உள்ளே பூரணம் இருக்கும் என்று கடைசிவரை எதிர்பார்த்தேன், இல்லை.

வூர்ஸ்பர்க் திரும்பியும் மாமாவின் கேள்வி விடவில்லை. தேடிப் படித்தேன்.

அந்தத் தெரு தப்பவில்லை. 1945 மார்ச் 31, ஈஸ்டருக்கு முந்தைய நாள், அமெரிக்க விமானங்கள் ரோத்தன்பர்க் மீது குண்டு வீசின. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 300 வீடுகள், பல கோபுரங்கள், சுவரில் 600 மீட்டருக்கு மேல் எல்லாம் போயின. பெரும்பாலான அழிவு ஊரின் கிழக்குப் பகுதியில். அதாவது, நான் நுழைந்த பக்கத்தில்.

இரண்டு வாரம் கழித்து அமெரிக்கத் தரைப்படை ஊரை நெருங்கியது. அமெரிக்கப் போர்த்துறையின் உதவி அமைச்சராக இருந்த ஜான் மெக்லாய் தம் தாயார் மூலம் இந்த ஊரின் அழகை அறிந்திருந்தவர். பீரங்கித் தாக்குதல் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொள்ள, ஊர் சண்டையின்றிச் சரணடைந்தது. மேற்கும் தெற்கும் தப்பியது அப்படித்தான். கிழக்குப் பகுதியைப் போருக்குப் பிறகு புதிதாகக் கட்டினார்கள். பழைய தெருக்கோடுகளை மாற்றவில்லை. கூரையின் சாய்வையும் மாற்றவில்லை. முகப்புகள் மட்டும் முன்பைவிட எளிமையாயின. நான் 700 ஆண்டு என்று எழுதிய தெருவின் வீடுகள் பல என் தாத்தாவைவிட இளையவை.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் தங்கியிருந்த வூர்ஸ்பர்க்கே 1945 மார்ச் 16 இரவில் ஏறக்குறைய முழுவதும் எரிந்து, பிறகு எழுந்த நகரம். வீடு இழந்தவர்கள் தங்களுக்குப் பழகிய வடிவத்திலேயே வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டதில் என்ன தவறு? தவறு என் வாசகத்தில் இருந்தது. ‘இங்கே காலம் நின்றுவிட்டது’ என்பதைத்தான் இப்படிப்பட்ட ஊர்கள் விற்கின்றன. நானும் விலை கேட்காமல் வாங்கிவிட்டேன்.

உண்மையில் ரோத்தன்பர்க்கில் காலம் நின்றதற்குக் காரணம் ஏழ்மை. 1274 முதல் பேரரசரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட சுதந்திர நகரமாகச் செழித்த ஊர், முப்பதாண்டுப் போருக்குப் பின் நொடித்துப்போனது. பழையதை இடித்துப் புதியதைக் கட்டப் பணம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் அந்தப் பழமையைத் தேடி வந்தார்கள். 1873ல் ரயில் வந்தது. 1881ல் அந்த மேயரின் கதை நாடகமாக மேடை ஏறியது. ஊர் அப்போதே பார்வையாளர்களுக்காகத் தன்னை அலங்கரித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. ஆகவே ‘சுற்றுப்பயணிகள் வந்து பழைய ஊரைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற வழக்கமான புலம்பல் இங்கே செல்லாது. பழமை இடிபடாமல் நின்றதற்கு அந்தப் பார்வையாளர்களும் ஒரு காரணம்.

இன்னொரு காலமும் உண்டு. நாஜி ஆட்சியில் தொழிலாளர்களை மலிவு விலையில் சுற்றுலா அனுப்பிய அமைப்பு, ரோத்தன்பர்க்கை ஜெர்மானிய ஊருக்கு முன்மாதிரி என்று காட்டி ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. அதே ஊர் 1938 அக்டோபரில், நாடு முழுவதும் யூத ஆலயங்கள் எரிக்கப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே, தன் கடைசி யூத மக்களை வெளியேற்றிவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் மதிக்கப்பட்ட யூத அறிஞர் ரபி மெயிர் பாடம் நடத்திய ஊர் இது. கடிகாரத்தில் மணிக்கொரு முறை மேயர் குடிக்கிறார். மெயிருக்குப் பொம்மை இல்லை. அவர் பெயரில் ஒரு சிறு தோட்டம் இருக்கிறது, யூதர் தெரு என்ற தெருவும் இருக்கிறது. ஐந்து மணி நேரத்தில் நான் இரண்டுக்கும் போகவில்லை.

இந்த ஐந்து மணி நேரம்தான் இன்று ஐரோப்பிய ஊர்களின் தலைவலி. பயணிகளின் எண்ணிக்கையைப் பற்றியே செய்திகள் பேசுகின்றன. எனக்கு என்னவோ, எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. தங்குபவர் அறைக்குப் பணம் தருகிறார், இரவு உணவு சாப்பிடுகிறார், மறுநாள் காலை ரொட்டிக் கடைக்குப் போகிறார். பகலில் வந்து பகலிலேயே போகிறவர் தெருவை, கழிப்பறையை, குப்பைத் தொட்டியைப் பயன்படுத்திவிட்டு ரயில் ஏறிவிடுகிறார். மாதச் சீட்டு வைத்திருந்த நான் இரண்டாவது வகை.

இந்த வகையை வெனிஸ் நேரடியாகக் குறிவைத்தது. 2024 ஏப்ரலில், குறிப்பிட்ட சில நாள்களில் பகல்நேரப் பயணிகளுக்கு மட்டும் 5 யூரோ நுழைவுக் கட்டணம் விதித்தது. 2025ல் நாள்களைக் கூட்டியதுடன், தாமதமாகப் பதிவு செய்பவர்களுக்கு 10 யூரோ ஆக்கியது. இரவு தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை, அவர்கள் ஏற்கெனவே தங்கும் வரி கட்டுகிறார்கள். ஆஸ்திரியாவில் ஏறக்குறைய 700 பேர் மட்டும் வாழும் ஹால்ஸ்டாட் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நேரம் ஒதுக்கிப் பார்த்தது. 2023ல் படம் எடுக்கும் இடத்தை மறைத்து மரவேலிகூட அடித்து, எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டது.

ரோத்தன்பர்க் என்ன செய்யலாம்? இங்கேதான் அரசியல் வருகிறது. பெர்லினில் தங்கும் வரி இருக்கிறது. 2025 தொடக்கத்தில் அதை அறைக் கட்டணத்தில் 7.5 விழுக்காடாக உயர்த்தினார்கள். பவேரியாவிலோ, மியூனிக் நகரம் 5 விழுக்காடு வசூலிக்கத் திட்டமிட்டபோது, மாநில அரசு 2023ல் சட்டத்தைத் திருத்தி எந்த நகராட்சியும் அப்படி வரி போடக்கூடாது என்று தடுத்துவிட்டது. மியூனிக், பாம்பர்க், குன்ஸ்பர்க் ஆகிய மூன்றும் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் மாநில அரசமைப்பு நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஹோட்டல் தொழிலுக்குச் சுமை கூடாது, பவேரியா மலிவாக இருக்க வேண்டும் என்பது அரசின் வாதம்.

எனக்கு அந்த வாதம் முழுதாக ஒப்பவில்லை. மலிவாக இருப்பது பயணிக்கு. சுவரைப் பழுதுபார்ப்பதும் கல் பாவிய தெருவைச் சீராக்குவதும் ஊருக்கு. ஒரு பெருநகரம் வேறு வருமானத்தைத் தேடிக்கொள்ளும். 11,000 பேர் வாழும் ஊர், ஆண்டுதோறும் ஒரு மில்லியனுக்கும் அதிகமானோரை வரவேற்கும்போது எவ்வளவு கேட்கலாம் என்பதை அந்த ஊரே முடிவுசெய்ய வேண்டாமா? ஆனால், தங்கும் வரியை அனுமதித்தாலும் என்னைப் போன்றவர்களிடம் ஒரு காசும் வராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் வாங்க வேண்டுமானால் வெனிஸ் போல வாயிலில் நிற்க வேண்டும். வாயிலில் கட்டணம் கேட்கும் ஊர், ஊராக இருக்குமா கேளிக்கைப் பூங்கா ஆகிவிடுமா என்பது அடுத்த சிக்கல்.

ஜூலையில் நாடு திரும்பும் முன் மறுபடியும் போனேன். இந்த முறை ஒரு விருந்தினர் இல்லத்தில் ஓர் இரவு தங்கினேன். அதை நடத்திய பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் ஜெர்மன் மொழியைப் பொறுத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். பயணிகள் தொல்லையா என்று கேட்டேன். “நீங்கள் எல்லாம் வராவிட்டால் என் கூரை ஓட்டை யார் மாற்றுவது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனால் எனக்கு ஒரு துடைப்பம் வேண்டுமென்றால் சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டியிருக்கிறது. உள்ளே கிறிஸ்மஸ் பொம்மைதான் கிடைக்கும்” என்று சிரித்தார். அது ஜூலை மாதம் என்பதை நினைவில் வையுங்கள். ஆண்டு முழுவதும் கிறிஸ்மஸ் பொருள் விற்கும் கடைக்கு அந்த ஊர் பெயர்போனது.

1989 முதல் பாதுகாக்கப்படும் நம் லிட்டில் இந்தியா எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே துடைப்பமும் கிடைக்கும், தேங்காய்த் துருவியும் கிடைக்கும். எத்தனை நாளைக்கு என்பது வேறு கேள்வி.

மாலை ஆறு மணிக்கு மேல் ஊர் வேறாக இருந்தது. பேருந்துகள் போய்விட்டன. ஜன்னல்களில் விளக்கு எரிந்தது, எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மறுநாள் காலை ரபி மெயிரின் தோட்டத்துக்குப் போனேன். யாரும் இல்லை. பிறகு ரோடர் கோபுரத்தில் ஏறினேன். குண்டுவீச்சுக்குப் பிந்தைய படங்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் நாளே கீழே கடந்துபோன அதே கோபுரம்தான். ஊர் எதையும் மறைக்கவில்லை, ஏறிப் பார்க்க எனக்குத்தான் நேரம் இருக்கவில்லை.

சுவரின் மேல், கூரை போட்ட நடைபாதையில் நடந்தபோதுதான் அந்தக் கற்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஓர் ஊர். போரில் இடிந்த சுவரைத் திரும்பக் கட்ட உலகெங்கும் இருந்து பணம் அனுப்பியவர்களின் பெயர்கள். ஜெர்மானியர், அமெரிக்கர், ஜப்பானியர். ஜப்பானியப் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. யாரும் வாயிலில் நின்று அவர்களிடம் கட்டணம் கேட்கவில்லை. குண்டு போட்ட நாட்டில் இருந்தும் பணம் வந்திருக்கிறது. சட்டம், வரி, தீர்ப்பு என்று படித்துக்கொண்டிருந்த எனக்கு, இந்தப் பிரச்சினைக்கு இந்த ஊரிலேயே ஒரு பழைய விடை சுவரில் பதிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்த விடை ஒரு மில்லியன் பேருக்குப் போதுமா என்று கேட்டால், போதாது என்றே நினைக்கிறேன்.

கற்களைப் படம் எடுத்து, விளக்கத்தோடு குழுவில் அனுப்பினேன். பழைய வாசகம் தவறு என்றும் எழுதினேன். மாமா ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு, வழக்கம்போல் இன்னொரு கேள்வியும் அனுப்பினார்: “சரி, நீ எவ்வளவும்மா குடுத்த?”

முதல் பயணத்தின் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு ஷ்னேபால், ஒரு காப்பி, ஒரு முறை கழிப்பறை. பத்து யூரோவைத் தாண்டவில்லை.