வலையும் முயற்சியும்

கோல்ஃப் செல்வர்க்கே உரிய விளையாட்டு என்பர் சிலர். அக்கருத்து பொருந்தாது. கொல்கத்தாவில் புல்திடல் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்த சௌராசியா, 2008ஆம் ஆண்டு இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் வாகை சூடினார்.

திடல் கிட்டாதவர் வீட்டு முற்றத்திலும் பயிலலாம். இரு மூங்கில்களை ஊன்றி, குறுக்கே ஒன்றைக் கட்டி, வலையைத் தொங்கவிட்டால் போதும். மூங்கிலில் சிக்கனம் காட்டலாம், வலையில் காட்டலாகாது. பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவே; ஆயினும், விரைந்து பாயும்போது அது நைந்த வலையைக் கிழித்துவிடும். இறுகக் கட்டிய வலையோ, அடித்தவர்மீதே பந்தைத் திருப்பி எறியும். எனவே, பந்தினும் சிறிய கண்களையுடைய உறுதியான வலையைத் தளர்வாகக் கட்டுக. பெரியோர் அருகிருக்கப் பயில்க.

பொருட்குறைவு முயற்சிக்குத் தடையன்று, கவனக்குறைவே தடையாகும்.