பொட்டலத்துக்குத் தப்பிய கதைகள்

வாரப் பத்திரிகையில் ஒரு கதை வருகிறது. வீட்டில் எல்லோரும் படிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் போய் வருகிறது. அடுத்த வாரம் புது இதழ் வந்ததும் பழையது எடைக்குப் போகிறது. அங்கிருந்து மளிகைக் கடைக்கு! கடுகு மடித்த காகிதத்தைப் பிரித்தால் அதில் பாதிக் கதை. மீதிப் பாதி யார் வீட்டு மிளகோடு போயிற்றோ!

தமிழில் பேர் பெற்ற சிறுகதைகளில் பெரும்பாலானவை பத்திரிகையில் பிறந்தவையே. யாரோ அக்கறையோடு சேர்த்துப் புத்தகமாகப் போட்டதால் அவை பிழைத்தன. அந்தப் புத்தகங்களைத்தான் வாசகர்கள் பெட்டியில் பூட்டி வைக்காத குறையாகப் பாதுகாக்கிறார்கள். ஏன்?

எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு 500 பக்க நாவலைக் கண்டால் மலைப்பு. சிறுகதை அப்படியல்ல. உலையில் அரிசி வேகும் நேரத்தில் ஒன்றை முடித்துவிடலாம். ஒருவர் படிக்க, கண் மங்கிய பாட்டி கேட்கலாம். பிடிக்கவில்லையா? புரட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போகலாம். யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஆனால், இது வசதி. வசதிக்காக மட்டும் ஒரு புத்தகத்தை யாரும் 30, 40 வருஷம் வைத்திருப்பதில்லை.

கடவுளுக்கு ஒரு காப்பி

புதுமைப்பித்தன் 1948-ல், 42 வயதில் காலமானார். அவர் கதைகளுக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். யானை இல்லை, தேர் இல்லை. தெருவில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளையிடம் வழி கேட்கிறார். இருவரும் ஓட்டலில் காப்பி சாப்பிடுகிறார்கள். பிள்ளை சும்மா விடுவாரா? தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளையே ஆயுள் சந்தாதாரராகச் சேர்த்துவிடுகிறார்! பிறகு வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே பிள்ளையின் சிறு பெண் கடவுளைத் தாத்தாவாக்கி விளையாடுகிறாள்.

முதல் தடவை படிக்கும்போது சிரிப்பு வருகிறது. இரண்டாம் தடவை, பிள்ளையின் பணக் கஷ்டம் கண்ணில் படுகிறது. மூன்றாம் தடவை, கடவுள்மேலேயே இரக்கம் வருகிறது. பத்திரிகையில் மட்டும் இருந்திருந்தால் அந்த மூன்றாம் தடவை ஏது?

டைரி கேட்ட சிறுவன்

கு. அழகிரிசாமி கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்தவர். அவருடைய 'அன்பளிப்பு' கதையில் கொலை இல்லை, காதல் இல்லை. குழந்தைகளும், அவர்களுக்குப் புத்தகம் கொண்டுவரும் ஒரு மாமாவும்தான். ஒரு நாள் மாமா சில குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்கு மட்டும் இல்லை. அவர் வேண்டுமென்று செய்ததல்ல. அவனை நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். சாரங்கன் அழவில்லை, சண்டை போடவில்லை. 'எங்கள் வீட்டுக்கு வாருங்கள்' என்று விடாமல் அழைக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் போகிறார். உபசாரமெல்லாம் நடக்கிறது. பிறகு சிறுவன் ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான். அவனே எப்படியோ தேடி வைத்த டைரி! அதில், அவர் அன்போடு தனக்குக் கொடுத்ததாக எழுதச் சொல்கிறான்.

இவ்வளவுதான் கதை. படித்து முடித்த தகப்பனார், தம் வீட்டுப் பிள்ளைகளில் யாரைக் கவனிக்காமல் விட்டோம் என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. மூத்தவன் கெட்டிக்காரன், கடைக்குட்டி செல்லம். நடுவில் ஒன்று வாய் திறவாமல் வளர்ந்துகொண்டிருக்கும்!

அந்தக் கதையின் பெயரையே கொண்ட தொகுப்புக்கு 1970-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. பரிசு வந்தபோது அழகிரிசாமி உயிரோடு இல்லை. அதே ஆண்டில் காலமாகிவிட்டார்.

அதன்பின் தி. ஜானகிராமனின் 'சக்தி வைத்தியம்', வண்ணதாசனின் 'ஒரு சிறு இசை', அம்பையின் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' என்று பல சிறுகதைத் தொகுப்புகள் அந்தப் பரிசைப் பெற்றிருக்கின்றன. ஆனாலும், பள்ளிக்கூடப் புத்தகத்தையும் பரீட்சை நோட்ஸையும் தவிர வேறு புத்தகமே இல்லாத வீடுகள் ஏராளம். பிறந்த நாளுக்குச் சட்டை எடுக்கிறார்கள்; கேக் வெட்டுகிறார்கள். கூடவே ஒரு கதைத் தொகுப்பு வாங்கி, குழந்தையின் பெயரை முதல் பக்கத்தில் எழுதிக் கொடுக்கப் பெரிய செலவு ஆகாது. அதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். கேட்கத் தெரியாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வீடு வழக்கு

கதை என்றால் கண்ணீர் மட்டுமல்ல, சண்டையும் உண்டு. 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, காரில் வந்தவனிடம் ஏமாந்து வீடு திரும்புகிறாள். தாய் முதலில் துடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள்.

பெரும் சர்ச்சை எழுந்தது. இப்படியும் ஒரு தாய் மன்னிப்பாளா என்றார்கள் ஒரு சாரார். மன்னிக்க அந்தப் பெண் செய்த குற்றம் என்ன என்றார்கள் மற்றவர்கள். ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே சம்பவத்தை வேறு விதமாகத் திருப்பினார். அங்கே தாய் கூச்சல் போட்டுவிடுகிறாள். விஷயம் வெளியே தெரிந்து, பெண்ணின் வாழ்க்கையே மாறிப் போகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வீடுகளில், எந்தத் தாய் செய்தது சரி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.