பூட்டிக் கிடக்கும் முதலீடு

சென்னை அண்ணா சாலையில், குவிமாடங்களும் கூரிய கோபுரங்களும் கொண்ட செந்நிறக் கட்டடம் ஒன்று சிதைந்து நிற்கிறது. 'பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்' என்றால் பலருக்கும் தெரியும்.

1897-இல் டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காகக் கட்டப்பட்டது அது. இந்தோ-சாரசெனிக் பாணியில் வடிவமைத்தவர் ஜே.எச். ஸ்டீபன்ஸ். அன்று அதன் பெயர் கார்டைல் கட்டடம். 1934-இல் அது பாரத் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.யின் சொத்தாயிற்று. மருந்துக் கடை, காப்பீட்டு அலுவலகம், வாடகைதாரர்களின் இடம் என்று பயன்பாடு மாறிக்கொண்டே இருந்தவரை கட்டடமும் நிலைத்திருந்தது. ஆள் புழங்கும் இடத்தில் கூரை ஒழுகினால் யாரேனும் சரிசெய்வார்கள். பூட்டிய கட்டடத்தில் ஒழுகுவதைக் காணவும் ஆளில்லை.

2006-இல் கட்டடத்தை இடிக்கும் பணி தொடங்கியது. 'இன்டாக்' அமைப்பு நீதிமன்றத்தை நாடவே, சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்தது. 2010-இல் வந்த தீர்ப்பும் பாதுகாப்பின் பக்கமே நின்றது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் கட்டடம் பயன்பாட்டுக்குத் திரும்பவில்லை. இடிக்காதே என்று நீதிமன்றம் சொல்ல முடியும். அதில் ஒரு தொழிலை நடத்த அதனால் முடியாது.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. பழைமையின் அழகைச் சாலையில் செல்லும் அனைவரும் நுகர்கிறார்கள். செலவு மட்டும் ஒருவர் தலையில் விழுகிறது. பலன் பொதுவாகவும் சுமை தனியாகவும் இருந்தால், உரிமையாளர் காலம் கடத்துவார். அண்ணா சாலை நிலத்தின் மதிப்போ கட்டடத்தின் மதிப்பைவிடப் பன்மடங்கு. அந்த நிலம் சும்மா கிடப்பதால் கைநழுவும் வருவாய் எந்தக் கணக்கேட்டிலும் செலவாகப் பதிவாவதில்லை. ஆயினும் அது பாலிசிதாரர்களின் இழப்பே.

இதற்கு வழி இல்லாமலில்லை. பாரம்பரியக் கட்டடத்தின் மேல் கட்ட முடியாமற்போன பரப்பை வேறு மனையில் கட்டிக்கொள்ளவோ விற்கவோ அனுமதிக்கும் வளர்ச்சி உரிமை மாற்ற முறையை மும்பை நெடுங்காலமாகக் கையாள்கிறது. அவ்வுரிமையின் விற்பனைத் தொகையைச் சீரமைப்புக்கே செலவிட வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். முகப்பையும் கட்டமைப்பையும் காக்கும் நிபந்தனையுடன், நூலகத்துக்கோ வணிகத்துக்கோ நீண்டகாலக் குத்தகைக்கும் விடலாம். மீட்பு முடிய வேண்டிய காலக்கெடுவை அரசே நிர்ணயிக்க வேண்டும்.

பாதுகாப்பு என்பது கட்டடத்தைப் பூட்டி வைப்பதன்று. அடுத்த குடியிருப்பாளரைத் தேடித் தருவதே உண்மையான பாதுகாப்பு. மழை, நீதிமன்றத் தடையை மதிப்பதில்லை.