நூலகத்துக்குக் காசில்லையாம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

"நாடு இருக்கிற நிலைமையில நூலகம்தானா இப்ப குறை சேர்?" போன கிழமை நம்மூர்ச் சகோதரர் ஒருவர் கேட்டார். அரிசி, மருந்து, கரண்ட் பில் எல்லாம் முடிந்த பிறகுதான் புத்தகம் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆசிரியர்களாகிய நாங்கள் நேர்மாறாகச் சொல்கிறோம். வீட்டில் காசில்லாத காலத்தில்தான் நூலகம் தேவை. காசுள்ளவர் எப்போதும் வாங்கிக்கொள்வார்.

2022 ஐ மறந்துவிட்டோமா? கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அன்று ஏறிய கொப்பி விலையும் பயிற்சிப் புத்தக விலையும் பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. ஒரே புத்தகத்தை நாலு பிள்ளைகள் போட்டோப்பிரதி எடுத்துப் படிக்கிறார்கள். அதையும் எடுக்க முடியாத பிள்ளை பின்வாங்கில் சும்மா இருக்கிறது.

எங்கள் நூலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் கூடியபோது முதலில் நின்றது வாசிப்பு மண்டபத்து மின்விசிறி. பிறகு ஒரு பத்திரிகை நின்றது. பிறகு புதிய புத்தகம் வாங்குவது நின்றது. கட்டணம் பின்னர் குறைக்கப்பட்டது. மின்விசிறி இன்னும் சுற்றவில்லை.

ஆண் பிள்ளைகளுக்குத் தேநீர்க் கடை இருக்கிறது, கடற்கரை இருக்கிறது. உயர்தரம் படிக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு வீட்டையும் பாடசாலையையும் விட்டால், அமைதியாக இருந்து படிக்க வேறு எந்த இடம் இருக்கிறது? ஐந்து பேர் இருக்கும் இரண்டு அறை வீட்டில் எங்கே கொப்பியை விரிப்பது? அவர்களும் இப்போது நூலகத்துக்கு வருவதைக் குறைத்துவிட்டார்கள். புழுக்கத்தில் யார் இருப்பார்?

போன் இருக்கிறதே என்பார்கள். கொரோனா காலத்தில் ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்தது நம் வீடுகளில்தான்.

வெளிநாட்டில் உள்ள தம்பிமார் தருவார்கள் என்றும் சொல்கிறார்கள். தந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்யட்டும். படமும் எடுத்தோம். பெட்டியைத் திறந்தால் பாதி பழைய பாடத்திட்டப் புத்தகம்! நன்கொடை ஒருநாள் வரும். நூலகர் சம்பளமும் கரண்ட் பில்லும் மாதாமாதம் வரும். அதற்குத்தான் நாம் வரி கட்டுகிறோம். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். கூலி வேலை செய்யும் தாயும் சவர்க்காரம் வாங்கும்போது கட்டுகிறாள். நூலகம் கேட்பது பிச்சை அல்ல.

யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டதை இன்றும் வேதனையோடு பேசுகிறோம். எங்கள் நூலகத்துக்கு யாரும் தீ வைக்கவில்லை. புத்தகம் வாங்குவதை நிறுத்தினார்கள், நாமும் கேட்கவில்லை. வீதிக்குக் கொங்கிரீட் கேட்டு எத்தனை மகஜர் கொடுத்தோம்! நூலகத்துக்கு ஒன்றாவது கொடுத்தோமா?

2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு, கேட்பதற்கு உறுப்பினர் இல்லை என்று இரண்டு வருடம் சாட்டுச் சொன்னோம். 2025 மே தேர்தலில் வாக்களித்து ஆட்களை அனுப்பிவிட்டோம். சபையின் வரவு செலவுத் திட்டம் இப்போது தயாராகிறது. அதில் புத்தகம் வாங்குவதற்கென்று தனியாக ஒரு தொகை வேண்டும், வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. சபையிடம் வருமானம் போதாதென்றால் மாகாண சபையும் மத்திய அரசும் தரட்டும்.

மகஜர் எழுதியாயிற்று. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நூலக முற்றத்தில் இருப்போம். அடையாள அட்டை இலக்கத்தோடு ஒப்பமிட வாருங்கள். பெண்களுக்கு உள்ளே தனி மேசை உண்டு. விசிறி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு வருகிறோம்.