தேனீ வளர்ப்பு முழுநேரத் தொழிலாகுமா?

நம் சங்க உறுப்பினர்களின் இல்லங்களில் இப்போது அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. தறியையோ நிலத்தையோ விட்டுவிட்டுத் தேனீ வளர்ப்பையே முழுநேரத் தொழிலாகக் கொண்டால் குடும்பம் நடக்குமா என்பதே அவ்வினா. கேட்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர். பத்துப் பெட்டிகளில் நல்ல தேன் கண்ட மகிழ்ச்சியில், கடன் பெற்று ஒரே ஆண்டில் நூறு பெட்டி வைக்க அவர்கள் விரும்புகின்றனர். அவர்களுடைய ஊக்கம் போற்றத் தக்கது. ஆயினும், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன்னர் இத்தொழிலின் வரவையும் செலவையும் ஆற அமர எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணிப் பார்க்கத் துணை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாவட்டத்திற்கு இத்தொழில் புதிதன்று. 1911ஆம் ஆண்டிற்கும் 1917ஆம் ஆண்டிற்கும் இடையில் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்துத் தென்னாட்டில் பலருக்கும் பயிற்சி அளித்தார். இன்றும் நாம் பயன்படுத்தும் பெட்டி அவர் பெயரால் வழங்குவதே. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடும்பங்களுக்கு உகந்த உபதொழிலாக இதனைப் பரப்பினார். 1937இல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வரலாற்றில் ஒன்று கருதத் தக்கது. ஹாட்ச் இதனை உபதொழில் என்றே கற்பித்தார். வேறு பிழைப்புள்ள குடும்பத்திற்கு மேல்வரும்படி தருவதாகவே இது தொடங்கிற்று. அதனை முதற்றொழிலாக மாற்ற விரும்புவோர், எவை எவை மாற வேண்டும் என்பதை அறிதல் அவசியம்.

முதலாவது, காலம். நம் பகுதியில் தேன் வரத்துக்கு ஆதாரம் ரப்பர் மரம். மார்கழியை ஒட்டி இலையுதிர்த்து, தை மாசி மாதங்களில் அது தளிர்க்கும்போது, இளந்தளிரின் காம்பில் உள்ள சுரப்பிகளிலிருந்து இனிய நீர் சுரக்கின்றது. சனவரி முதல் மார்ச் வரையில் தேனீக்கள் சேர்ப்பது பெரும்பாலும் இதனையே. ஆண்டு வரும்படி முழுவதும் ஏறத்தாழ இம்மூன்று மாதங்களில் அடங்கிவிடுகின்றது. மேலும், இத்தளிரில் தேன் உண்டேயன்றி மகரந்தம் இல்லை. மகரந்தமின்றிப் புழுக்கள் வளரா. தென்னையும் பிற பூச்செடிகளும் அருகில் இல்லாத தோட்டத்தில் பெட்டிகளை வைத்தால், தேன் வரத்துள்ள நாளிலேயே குடும்பம் மெலியக்கூடும்.

முட்டையிட்ட நாளிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர ஏறத்தாழ மூன்று வாரம் செல்லும். அது கூட்டுக்குள் பணி புரிந்து, வெளியே தேன் தேடப் புறப்பட மேலும் ஏறத்தாழ மூன்று வாரம் செல்லும். ஆகவே தை முதல் நாள் தேன் சுமக்க வேண்டிய தேனீ, கார்த்திகையிலேயே முட்டையாக அடையில் இருத்தல் வேண்டும். மழை மாதங்களில் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டுத் தையில் தேனை எதிர்பார்ப்பவர், விதைக்காமல் அறுவடைக்குச் செல்பவரை ஒப்பர். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு ஊட்டுதல், மெழுகுப் பூச்சியையும் எறும்பையும் தடுத்தல், மெலிந்த குடும்பங்களை ஒன்று சேர்த்தல் ஆகிய பணிகளில் ஒரு காசும் வரவில்லை. ஆனால், தை மாதத்து வரவு முழுவதும் இப்பணிகளையே சார்ந்துள்ளது.

இரண்டாவது, கணக்கு. விலைகள் இடத்திற்கு இடம் மாறுபடும். எனினும், ஒரு மாதிரிக் கணக்கு வழி காட்டும். அன்பர்கள் தத்தம் தொகைகளை இட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

ஒருவரிடம் நூறு பெட்டிகள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் இருபது, மெலிவாலும் ஓடிப்போவதாலும் பயன் தரவில்லை. மீதி எண்பதில் பெட்டிக்கு 8 கிலோ வீதம் 640 கிலோ தேன் கிடைக்கின்றது. கிலோ 200 ரூபாய்க்கு மொத்தமாக விற்றால் வரவு 1,28,000 ரூபாய். இனிச் செலவைப் பார்ப்போம். பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை வீதம் பதினாறு வாரங்களுக்கு 320 கிலோ. கிலோ 45 ரூபாய் வீதம் 14,400 ரூபாய். பெட்டி ஒன்றின் விலை 2,000 ரூபாய் எனவும், அது பத்தாண்டு உழைக்கும் எனவும் கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 20,000 ரூபாய். வண்டி வாடகையும் இடத்திற்குரிய செலவும் 15,000 ரூபாய். தேன் எடுக்கும் நாள்களில் உதவியாள் கூலி 12,000 ரூபாய். ஆகச் செலவு 61,400 ரூபாய். நிகரமாக நிற்பது 66,600 ரூபாய். அதாவது, மாதத்திற்கு 5,550 ரூபாய். இதில் கடனுக்குரிய வட்டி சேரவில்லை. நூறு பெட்டி வைத்தால் கவலையில்லை என்று எண்ணுவோர் இத்தொகையை இருமுறை நோக்குவாராக.

இதற்கு மறுமொழியாக, பெட்டிகளை இருநூறாக்கலாமே என்பர் சிலர். ஆக்கலாம். அப்போது நிகர வரவு 1,33,200 ரூபாய் ஆகும். ஆனால் உழைப்பும் முதலும் இருமடங்காகும். அதே நூறு பெட்டித் தேனை நன்கு முதிரவிட்டு எடுத்து, ஈரம் குறைத்துப் பாதுகாத்து, அவசரப்படாமல் கிலோ 300 ரூபாய்க்கு விற்க முடிந்தால், நிகர வரவு 1,30,600 ரூபாய். விலையில் நூறு ரூபாய் கூடுவதும், பெட்டியில் நூறு கூடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. பெட்டி பெருகினால் நட்டமும் பெருகக்கூடும். தேனின் தரம் உயர்வதால் நட்டம் எதுவும் இல்லை. புட்டியில் அடைப்பதற்கும் விற்பதற்கும் செலவு உண்டு என்பது மெய். அச்செலவைத் தனித்தனியே தாங்குவதிலும் பலர் கூடித் தாங்குவது எளிது; சங்கம் தேவைப்படுவது இங்கேதான்.

முழுநேரத் தொழிலாக இதனை நடத்துவோர் இந்நாட்டில் இல்லையா எனில், உண்டு. 1960களின் தொடக்கத்தில் நக்ரோட்டாவில் இத்தாலியத் தேனீ வெற்றியுடன் நிலைபெற்றது. அதன் பின்னர் வடநாட்டில் நூற்றுக்கணக்கான பெட்டிகளுடன் வாழ்வோர் பெருகினர். அவர்கள் குளிர்காலத்தில் இராசஸ்தானத்துக் கடுகு வயல்களுக்கும், கோடைத் தொடக்கத்தில் முசாபர்பூரின் லிச்சித் தோட்டங்களுக்கும் லாரிகளில் பெட்டிகளை ஏற்றிச் செல்கின்றனர். நம் மார்த்தாண்டத்தாரும் கேரளத்து ரப்பர்த் தோட்டங்கள் வரையில் சென்று வருகின்றனர். பூவைத் தேடி ஊர் ஊராகச் செல்லுதலே முழுநேரத் தொழில் என்பதன் பொருள். கூடாரத்தில் உறங்கவும், பிள்ளைகளைப் பிரிந்திருக்கவும் குடும்பம் இசைய வேண்டும். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு முழு வருமானமும் பெறலாம் என்பது நம் பகுதிக்குப் பொருந்தாது.

மூன்றாவது, நோய். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் எனும் நச்சுயிரி நோய் கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் பரவி, அடுக்குத் தேனீக் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழித்தது. புழுக்கள் பைபோல் வீங்கி மடிந்தன, பெட்டிகள் வெறுமையாயின. தேனீயை மட்டுமே நம்பியிருந்த குடும்பத்திற்கு அது முழு இழப்பு. வேறு வருவாய் உடையவர் காத்திருந்து, தப்பிப் பிழைத்த குடும்பங்களைப் பிரித்துப் பெருக்கி மீளலாம். எல்லா முட்டைகளையும் ஒரே அடைக்கோழியிடம் வைக்கலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவர் எத்தொழிலிலும் தேறார் என்று இளைஞர் கூறுவர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. வாரம் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து பாராதவர் தேனீக்காரர் ஆகார். எனினும், முழு மனத்துடன் செய்வது வேறு. முழு முதலையும் ஒரே நாளில் போடுவது வேறு. பத்துப் பெட்டிகளை முழு மனத்துடன் காப்பவரே நாளை நூறு பெட்டிகளைக் காக்க வல்லவர். அகலக் கால் வைப்பவர் ஊக்கம் குறைந்தவர் அல்லர், அனுபவம் குறைந்தவர்.

நெசவாளர் குறித்துத் தனியே ஒன்று கூற வேண்டும். மழைக்காலத்தில் பாவு விரிக்கவும் ஆற்றவும் இயலாமல் தறி மந்தமாகும். தேனீக்கும் அதே காலம் பஞ்ச காலம். வெயில் காலத்தில் தறி ஓடும். தேனும் அப்போதே வரும். எனவே, நெசவாளர் வீட்டில் இவ்விரு தொழில்களும் ஒரே காலத்தில் ஆளைக் கேட்கின்றன. ஒரே காலத்தில் கை விடுகின்றன. தேனீ மழைக்காலத்துக் குறையை நிரப்பும் என்று எண்ணி இறங்குதல் தவறு. குடும்பத்தில் தறிக்கு ஒருவரும் பெட்டிக்கு ஒருவருமாக இருவர் இருந்தால் மட்டுமே நெசவாளர் இருபது பெட்டிக்கு மேல் செல்வது நன்று. தோட்டம் உடையோர்க்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. இடமும் சொந்தம், அயல் மகரந்தச் சேர்க்கையால் பாகல், பூசணி முதலியவற்றின் காய்ப்பும் மிகும்.

இவற்றையெல்லாம் எண்ணி, நம் சங்கம் மேற்கொள்ளத் தக்க சில வழிகளை உறுப்பினர் முன் வைக்கின்றோம்.

ஒன்று: கடனை ஒரே தவணையில் நூறு பெட்டிக்குக் கொடுத்தலாகாது. முதலில் பத்துப் பெட்டி, அவற்றை இரு மழைக்காலம் காத்துக் காட்டியவருக்கு இருபத்தைந்து, பின்னர் ஐம்பது, அதன் பின்னரே நூறு. தவணை திரும்பும் மாதம் மார்ச்சு, ஏப்ரலாக இருத்தல் வேண்டும். மாதந்தோறும் தவணை கேட்பது, கறவை வற்றிய பசுவிடம் பால் கேட்பதாகும்.

இரண்டு: தேன் கொள்முதலின்போது கிலோவுக்கு 25 ரூபாய் பிடித்து மழைக்கால நிதியாக வைத்து, சூன் மாதம் சர்க்கரையாகத் திருப்பித் தரலாம். மேற்கண்ட கணக்கின்படி 640 கிலோவுக்கு 16,000 ரூபாய் சேரும். சர்க்கரைச் செலவு 14,400 ரூபாயே. கையில் பணம் உள்ளபோது செலவழிந்துவிடும் தொகை, பசியுள்ள காலத்தில் பெட்டியைக் காக்கும்.

மூன்று: ரப்பர்த் தேன் நீர்த்தது, எளிதில் புளிக்கும். தேனில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேற்படலாகாது என்பது பொதுவான உணவுத் தர விதி. அறைகளில் பெரும்பகுதி மெழுகு மூடிய அடையினின்று எடுத்த தேனையே சங்கம் ஏற்க வேண்டும். ஈரம் குறைக்கும் கருவியைச் சங்கமே வாங்கி வைத்தல் நலம். தனியொருவருக்கு அது கட்டுப்படியாகாது. தேன் வரத்துக் காலத்தில் பாகு ஊட்டுவோரின் தேனைத் தயங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். 2020இல் தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், பெயர் பெற்ற பல தேன்களில் சர்க்கரைப் பாகு கலந்திருந்ததை வெளியிட்டபின், வாங்குவோர் எல்லாத் தேனையும் ஐயத்துடன் நோக்கினர். நாம் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்பதற்கு நம் நாணயம் ஒன்றே ஆதாரம்.

நான்கு: பயிரிடும் உறுப்பினர், பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளிக்க நேர்ந்தால் முன்னாளே பெட்டிக்காரருக்கு அறிவித்து, தேனீ கூடடைந்த பின் மாலையில் தெளிப்பதெனச் சங்கத்தில் உடன்பாடு செய்துகொள்ளலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

ஐந்து: நோய்க்குறி கண்ட பெட்டியின் அடைகளையோ சட்டங்களையோ பிற பெட்டிக்கு மாற்றலாகாது, புதிய குடும்பங்களைத் திடமான, நோய் தாங்கிய குடும்பங்களிலிருந்தே பிரித்தல் வேண்டும். ஒருவருடைய அசட்டை ஊர் முழுவதையும் கெடுக்குமாதலின், சங்கம் இதனைக் கண்டிப்புடன் நடத்த வேண்டும்.

தேனீ வளர்ப்பு முழுநேரத் தொழிலாகுமா என்ற வினாவிற்கு எம் விடை இது: ஆகும், ஆயின் எல்லார்க்கும் ஆகாது, ஓராண்டில் ஆகாது, தனியொருவராய் நின்றும் ஆகாது. இரு மழைக்காலத்தைப் பெட்டி இழக்காமல் கடந்தவரும், தேன் பெட்டியுடன் ஊர் விட்டுச் செல்லக் குடும்பத்தின் இசைவு பெற்றவரும், ஓராண்டுச் செலவுக்குக் கையிருப்பு உடையவரும் துணிந்து இறங்கலாம். மற்றையோர் தறியையும் நிலத்தையும் விடாமல் பெட்டிகளைச் சிறுகச் சிறுகப் பெருக்குவதே அறிவுடைமை. வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் கடன் விதிகளும் மழைக்கால நிதியும் விவாதத்திற்கு வருமாறு உறுப்பினர் வற்புறுத்துவார்களாக. இவ்வாண்டு மழை தொடங்குமுன் இவ்விரண்டும் முடிவாயின், அடுத்த தையில் பெட்டிகள் வெறுமையாய் இரா.